ஆடிக்காற்றில் நிற்கும் நிழல் எது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

"நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பது முன்னோர் வாக்கு. "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்பதும் அவர்கள் வாக்கே. இவ்விரண்டு பழமொழிகளையும் நாம் தனித்தனியே சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டும் ஒரே நாளில் ஒரே தலையின்மேல் வந்து இறங்கினால் மனிதன் என் செய்வான் என்று எண்ணிப் பார்த்தோமா? தென்காசி வட்டாரத்தில் ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மூன்று மாதங்களிலும் பல நாள்கள் அவ்வாறுதான் கழிகின்றன. வெயிலுக்குக் குடை பிடித்தால் காற்று பிடுங்குகிறது. காற்றுக்கு அஞ்சிக் குடையை மடக்கினால் வெயில் சுடுகிறது.

வெளியூர் நண்பர்கள் இதை நம்பமாட்டார்கள். "உங்களுக்கென்ன, குற்றாலச் சாரல்! ஊரே குளிர்சாதன அறை!" என்பார்கள். சீசன் என்றால் நாள் முழுதும் சாரல் தூவிக்கொண்டே இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஒரு நாள் குளித்துவிட்டு, ரம்புட்டான் பழம் நாலு வாங்கித் தின்றுவிட்டுப் பேருந்து ஏறுகிறவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் சாரல் ஓய்ந்து காற்று மட்டும் நிற்காமல் வீசும் நாள்கள் உண்டு. அன்று மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடிக்கும். குற்றாலத்தை விட்டுக் கிழக்கே பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் என்று போகப் போக இந்த நிலைதான் மிகுதி. மலையருகே தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு வரும் காற்று, அந்த ஊர்களுக்கு வரும்போது வெறுங்கையோடுதான் வருகிறது. ஈரம் குறைந்தாலும் வேகம் குறைவதில்லை. அங்கே சந்தையில் தக்காளிக் கூடைக்கு முன்னால் அமர்ந்திருப்பவரும், வயலில் களை எடுப்பவரும், சாலைப் பணியில் நிற்பவரும் காற்றையும் வெயிலையும் ஒருசேரத் தாங்குகிறார்கள்.

இதிலே ஒரு வஞ்சனையும் உண்டு. காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் வெயிலின் சூடு உடம்புக்குத் தெரிவதில்லை. "என்ன வெயில், காத்துதான் அடிக்குதே" என்று நாம் நிற்கிறோம். உள்ளே நீர் வற்றிக்கொண்டே போகிறது. தோல் கருகிக்கொண்டே போகிறது. மாலையில் தலை கனத்து வீடு திரும்பும்போதுதான் பகலெல்லாம் வெயிலில் நின்றோம் என்பதே நினைவுக்கு வருகிறது.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட மதில். அம்மதிலில் சில வாசல்கள் உள்ளன. பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம் உடையது. தெற்கே ஆரல்வாய்மொழியில் ஒன்று. இவ்விரண்டுக்கும் இடையே நம் செங்கோட்டைக் கணவாய், அதாவது ஆரியங்காவு வழி. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மலையில் மோதும்போது, மதில் மறித்த காற்றெல்லாம் வாசலைத் தேடி ஓடிவருகிறது. அகன்ற ஆறு குறுகிய மதகில் நுழையும்போது வேகம் கொள்கிறதன்றோ? அதே கதைதான். தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனவர்கள் இதை உடம்பாலேயே அறிந்திருப்பார்கள். கோபுர வாயிலில் நுழையும்போது காற்று முதலில் நம்மை எதிர்த்துத் தள்ளும், பிறகு உள்ளே அழைத்துக்கொள்ளும் என்று ஊரார் பெருமையோடு சொல்வர். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் அது. நெடுங்காலம் சிதைந்து நின்ற அதன் இராசகோபுரம் 1990இல் மீண்டும் எழுந்தது. மலைவாசலில் நடப்பதையே அந்தக் கல்வாசல் சிறிய அளவில் நமக்குக் காட்டுகிறது எனலாம். தென்காசியிலிருந்து கிழக்கே போகும் சாலைகளின் இருமருங்கும் சுழலும் காற்றாலைகளும் அதற்குச் சாட்சி. மின்சாரம் எடுக்கிறவனுக்கு இந்தக் காற்று பொன். குடை பிடிக்கிறவனுக்கு?

இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கலைப்பிரிவு நண்பர்கள் பொறுத்தருள்க! காற்று ஒரு பரப்பின்மேல் செலுத்தும் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று, தன்னை முழுதாக எதிர்த்து நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். 54 கிலோமீட்டர் வேகமானால் அது 14 கிலோவை நெருங்கும். 72 ஆனால் 24 கிலோவைத் தாண்டும். இப்போது சாலையோரக் கடைகளில் விரிக்கப்படும் பெரிய விளம்பரக் குடையை எடுத்துக்கொள்வோம். 2 மீட்டர் விட்டம் என்றால் பரப்பு 3 சதுர மீட்டருக்கு மேல். முதல் வேகத்திலேயே அதன்மேல் 19 கிலோ. இரண்டாம் வேகத்தில் 40 கிலோவுக்கு மேல். அதைத் தாங்குவதற்கு நாம் அடியில் வைப்பது என்ன? ஒரு சிமெண்டுக் கல்! சில இடங்களில் பாதித் தண்ணீர் நிரம்பிய ஒரு பிளாஸ்டிக் குடம்!

தார்ப்பாயின் கதை இதைவிடப் பெரிது. 12 அடிக்கு 15 அடி நீலத் தார்ப்பாய் ஒன்று விரிந்து காற்றை முழுதாக வாங்குமானால், அந்த முதல் வேகத்திலேயே 100 கிலோ இழுப்பு. அம்மியின் எடை எவ்வளவு? வீட்டு அம்மி இரண்டைச் சேர்த்துக் கட்டினாலும் இழுப்பு மிஞ்சும். ஆடிக்காற்றில் அம்மி தானாகப் பறக்காது. அம்மியைத் தார்ப்பாயின் மூலையில் கட்டினால் பறக்கும். பழமொழி சொன்ன பாட்டி பொய் சொல்லவில்லை.

இதை நான் வேடிக்கையாகச் சொன்னாலும் பொருள் வேடிக்கையானதன்று. கடற்கரைக் குடைகளால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் காயமுற்று மருத்துவமனைக்குப் போகிறார்கள். 2016இல் வர்ஜீனியா கடற்கரையிலும் 2022இல் தென் கரோலினாவிலும் காற்றில் பறந்த குடை தாக்கி ஒவ்வொரு பெண் உயிரிழந்தார். அதன்பின் 2024இல் அந்நாட்டில் கடற்கரைக் குடைக்கென்றே ஒரு தர அளவு வகுத்தார்கள். மணிக்கு 48 கிலோமீட்டர் வரையிலான காற்றில் குடை இருந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டிலும் கண்ணீர்க் கதை உண்டு. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டப்பட்டிருந்த விளம்பரப் பதாகை ஒன்று சரிந்து, இருசக்கர வண்டியில் வந்த இளம் பொறியாளர் ஒருவர்மேல் விழ, அவர் நிலைதடுமாறிப் பின்னால் வந்த லாரியில் சிக்கி மாண்டார். அந்தப் பதாகைத் துணிதான், விழா முடிந்த மறுநாள் நம் ஊர்களில் கடைக்கூரை ஆகிறது! சிரித்துக் கும்பிடும் தலைவரின் முகத்துக்குக் கீழே உட்கார்ந்து கொய்யாப்பழம் விற்கிறோம். காற்றுக்கு வழிவிட வேண்டும் என்று அதில் ஆங்காங்கே பிறை வடிவில் கீறிவிடுகிறவர்களும் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் பத்துக் கீறலால் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது; கீறல்தான் நாளடைவில் கிழிசலாகும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தாயார் சீசன் மாதங்களில் குற்றாலச் சாலையோரம் கொய்யா, மாங்காய், நெல்லிக்காய் விற்பவர். பள்ளி நாள்கள் முதல் அந்தப் பந்தலைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் என் வேலை. "மேக்குப் பக்கம் தாழ்த்திக் கட்டுல, கெழக்க ஒசத்தி விடு" என்பார். ஏன் என்று கேட்டால், "அப்பிடித்தான்" என்பார். இயற்பியல் வகுப்பில் பாய்மங்களின் ஓட்டத்தைப் பற்றி ஆசிரியர் நடத்தியபோதுதான் அந்த "அப்பிடித்தான்" என்பதன் பொருள் எனக்கு விளங்கிற்று. மேற்கே தாழ்ந்த கூரையின்மேல் மோதும் காற்று அதைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. கூரை தரையோடு இறுகுகிறது. மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்த கூரையோ காற்றுக்கு வாயைத் திறந்து காட்டுகிறது. காற்று உள்ளே புகுந்து மேலே தூக்குகிறது. கயிறு எத்தனை முடிச்சுப் போட்டாலும் அது வெறும் நேரக் கணக்குத்தான். ஆட்டுமயிர்க் கூடாரம் அடித்துப் பாலைவனத்தில் வாழும் பதூவின் மக்களும் கூரையைத் தாழ்வாகத்தான் போடுகிறார்கள்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். இது நம் வட்டாரத்துக்கே உரியது என்பதால் நூல்களில் தேடினால் கிடைக்காது. நம் ஊரில் பருவக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. பிற்பகல் வெயிலும் மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே பிற்பகலில் குடையை வெயிலை நோக்கிச் சாய்த்தால் அது காற்றை நோக்கியும் சாய்ந்திருக்கும். ஒரு சாய்வு இரு பகைவரையும் ஒருங்கே தடுக்கும். காலையில் கதை மாறுகிறது. வெயில் கிழக்கே, காற்று மேற்கே. பழக்கத்தால் குடையைக் கிழக்கு நோக்கிச் சாய்க்கிறோம். உடனே குடையின் அடிப்புறம் காற்றுக்குத் திறந்துகொள்கிறது. அடுத்த வீச்சில் கம்பிகள் மேல்நோக்கி மடிந்து, குடை தாமரைப்பூ ஆகிவிடுகிறது! சாலையோரம் காலை வேளையில் குடைகள் கவிழ்வதை நான் கண்ட அளவு பிற்பகலில் கண்டதில்லை.

அப்படியானால் காலையில் என்ன செய்வது? குடையைச் சாய்க்கவே கூடாது. நேராக நட்டுவிட்டு, நாம்தான் இடம்மாறி அமர வேண்டும். ஆடி மாதத்தில் காலை 10 மணிக்கு, 6 அடி உயரத்தில் விரிந்த குடையின் நிழல் ஏறத்தாழ 4.5 அடி மேற்கே தள்ளி விழும். எனவே கம்பைத் தம் இடத்துக்கு அத்தனை அடி கிழக்கே நட்டுவிட்டால் சாய்க்காமலேயே நிழல் நம்மேல் விழும். உச்சிவேளையில் (அது நம் ஊரில் கடிகாரத்தின் 12 மணிக்கன்று, பன்னிரண்டரைக்குச் சற்று முன்) இன்னொரு வியப்பு உண்டு. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதி வரை சூரியன் நம் தலைக்கு வடக்கே செல்கிறான். அந்த நாள்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆண்டின் மற்ற மாதங்களில் வடக்கே விழும். வடக்குப் பார்த்த திண்ணை எப்போதும் குளிர்ச்சி என்று நம்பிச் சீசன் கடையை அங்கே போட்டவர்கள் நண்பகலில் ஏன் வெயில் வருகிறது என்று விழிப்பது இதனால்தான்.

குடை, தார்ப்பாய், பதாகை மூன்றையும் தள்ளிவிட்டால் எது மிஞ்சும்? என் கருத்தில், காற்றுநாளின் நிழலுக்கு முதல் தகுதி அது காற்றை எதிர்க்காமல் இருப்பதே. நம் தென்னங்கீற்று அத்தகையது. முடைந்த ஓலைகளுக்கிடையே ஆயிரம் கண்கள். வெளிச்சம் தடுக்கப்படுகிறது, காற்றில் கணிசமான பகுதி ஊடே போய்விடுகிறது. தார்ப்பாய் வெயிலில் காய்ந்து தன் சூட்டைக் கீழே இருப்பவன் தலையில் இறக்கும். கீற்று அப்படிச் செய்வதில்லை. அடுக்கி வேய்ந்தால் சாரலுக்கும் ஓரளவு தாங்கும். பறந்தாலும் ஒரு கீற்றுப் பறக்குமேயன்றிக் கூரை முழுதும் எழுந்து போகாது. அது யார் தலையில் விழுந்தாலும் சிராய்ப்போடு போகும். தகரம் பறந்தால் அது கத்தி.

"கீற்றா? தீப்பிடிக்குமே!" என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம். 1997 ஜூன் 7இல் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தல் எரிந்ததில் 40 பேருக்கு மேல் மாண்டனர். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குப் பரவி 94 பிஞ்சுகள் கருகினர். இவற்றை மறந்துவிட்டுக் கீற்றின் புகழ் பாடுகிறவன் மனிதனே அல்லன். அடுப்பு எரியும் பஜ்ஜிக் கடைக்கும், பலர் கூடும் அடைத்த கொட்டகைக்கும், பள்ளிக்கும் கீற்று வேண்டவே வேண்டாம். அதுவும் இந்தக் காற்றில் ஒரு பொறி போதும், வரிசை முழுதும் சாம்பல். நான் சொல்வது நான்கு பக்கமும் திறந்த, அடுப்பில்லாத, ஒரே ஆள் அமர்ந்து பழமோ பூவோ விற்கும் சிறு பந்தலைப் பற்றி. அங்கேயும் பக்கத்தில் அடுப்புக் கடை இருந்தால் கீற்றைக் கைவிட்டுவிட வேண்டியதுதான்.

அந்த இடத்துக்கு ஏற்றது நிழல்வலை. நாற்றுப் பண்ணைகளில் பச்சை நிறத்தில் கட்டியிருப்பார்களே, அதுதான். வெளிச்சத்தில் பாதியைத் தடுப்பது, முக்காலைத் தடுப்பது எனப் பல அளவில் விற்கிறார்கள். பாதி தடுத்தால் போதுமா என்று கேட்கலாம். காற்றில்லாத மதுரை வெயிலில் போதாதுதான். இங்கே குளிர்விக்கும் வேலையைக் காற்றே செய்துவிடுகிறது. கூரை செய்ய வேண்டியது நேர் வெயிலை உடைப்பது மட்டுமே. கனத்த கூரை வெயிலூருக்கு, கண்ணுள்ள கூரை காற்றூருக்கு என்று நான் நினைக்கிறேன். சாரலை வலை தடுக்காது என்பது அதன் குறை. ஆகவே அருவிப் பக்கத்துக்குக் கீற்றும், பாவூர்சத்திரத்துக்குக் கிழக்கே வலையும் பொருந்தும். வலையும் நெருப்பில் உருகுவதே. ஆதலின் அடுப்புக் கடைக்காரர் மட்டும் நன்கு திருகி இறுக்கிய தகரத்தோடு இருப்பதே நல்லது.

ஆளோடு நடக்கும் நிழலைப் பற்றியும் இரண்டு வரி. வயற்காட்டில் குடை பிடித்துக் களை எடுக்க முடியுமா? தலையில் சும்மாடாகவும் முக்காடாகவும் தலைப்பாகையாகவும் மாறும் ஒரு துண்டை வென்ற நிழல் இன்னும் பிறக்கவில்லை. சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நடவு நடும் பெண்களைப் பார்த்து நம்மில் சிலர் சிரிப்பதுண்டு. முதுகை மறைத்து, காற்றுக்குப் பிடிகொடாமல், இரு கைகளையும் வேலைக்கு விட்டுவைக்கும் கருவி அது. நாகரிகம் என்ற பெயரில் நாம் பிடிக்கும் மூன்று மடிப்புக் குடையால் இவற்றில் ஒன்றையாவது செய்ய முடியுமா? கல்லூரிச் சுற்றுலாவில் திருச்செந்தூருக்கோ கன்னியாகுமரிக்கோ போகும் நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். கடற்கரையில் குடை நட்டே ஆக வேண்டுமென்றால் கம்பை 2 அடி ஆழமாவது ஈரமணலுக்குள் இறக்கி, காற்று வரும் திசை நோக்கிச் சாய்த்து, மணல் நிரப்பிய பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். மேலே மணலைக் குவித்து வைப்பதால் பயனில்லை. தொப்பியோ துண்டோ போதும் என்றால் அதுவே மேல்.

எல்லாவற்றிலும் மேலான நிழல் மரம் என்று இந்நேரம் ஒருவர் எழுந்து சொல்லியிருப்பார். ஒப்புகிறேன். புளியமரம் எத்தனை ஆடிக்காற்றைக் கண்டது! வேரும் கிளையும் இறுகியது. முருங்கை நட்டவன் காற்றூரில் விறகுதான் அறுவடை செய்வான். திருநெல்வேலி–தென்காசி சாலையை நான்கு வழியாக்கியபோது சாலையோர மரங்கள் பல வெட்டப்பட்டன. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சாலையில் வரும் பேருந்தில்தான் நானும் கல்லூரிக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கிற்று, கன்றுகள் நடப்படுகின்றன. ஆனால் இன்று நட்ட கன்று ஒரு கிழவிக்கு நிழல் தர இருபது ஆண்டுகள் ஆகும். வேரைச் சுற்றிச் சிமெண்டு பூசி மூச்சை அடைத்தால் இருபதாம் ஆண்டில் காற்றே அதைச் சாய்த்துவிடும். மரம் வளரும்வரை பந்தல் வேண்டாமா?

இங்குதான் என் மனக்குறை. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையில் பணியிடத்தில் குடிநீரும் முதலுதவியும் குழந்தைகளுக்கு நிழலும் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். குழந்தைகளுக்கு நிழல்! எழுதிய கை வாழ்க! அந்த நிழல் காற்றில் நிற்குமா என்பதை யார் பார்த்தார்கள்? 2021இல் நம் மாநிலச் சட்டமன்றம் கடைகளில் வேலை செய்வோருக்கு அமர்ந்துகொள்ள இருக்கை வேண்டும் என்று சட்டத் திருத்தம் செய்தது, பாராட்டத்தக்கது. ஆனால் கடையே இல்லாமல் தரையில் அமர்ந்திருப்போருக்கு? 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். இடம் ஒதுக்குவது, சான்று கொடுப்பது பற்றியெல்லாம் அக்குழுக்கள் பேசலாம். "ஒதுக்கிய இடத்தில் எதை ஊன்றி நிழல் கட்டுவது?" என்ற கேள்வியையும் அங்கே கேட்டால் என்ன? விளம்பரக் குடைகளை வழங்கிப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் பலர். குடை அடுத்த ஆடியில் குப்பைக்குப் போய்விடும். படம் மட்டும் இருக்கும்.

வேண்டியது மிகச் சிறிய வேலை. விற்பனைக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் 6 அடிக்கு ஒன்றாக, 2 அடி ஆழத்துக்கு இரும்புக் குழாய்களைத் தரையோடு தரையாகச் சிமெண்டில் பதித்துவிடுவது. காலையில் கம்பைச் செருகலாம். இரவில் உருவிக்கொண்டு போகலாம். குழாய்க்கு ஒரு மூடி. மேற்கு வரிசைக் கம்பு 5 அடி, கிழக்கு வரிசைக் கம்பு 7 அடி. மேலே வலையோ கீற்றோ அவரவர் வசதி. மின்கம்பத்திலும் பாலத்துக் கைப்பிடியிலும் கயிறு கட்டி, காவலரிடம் ஏச்சு வாங்க வேண்டியதில்லை. வாகனம் போக வழி கேட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் கழன்றுவிடும்.

இதை அரசாங்கம்தான் செய்ய வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டுமா? நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு சிற்றூரில் நடக்கிறது. கோயில் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், முள்வேலி வெட்டுகிறோம், அடுத்த ஆண்டு அதே முள்ளை மீண்டும் வெட்டுகிறோம். இந்த முறை ஊராட்சியின் அனுமதி பெற்று, ஏதேனும் ஒரு சந்தையில் இருபது குழாய்களைப் பதிக்கலாம் என்று முகாம் அலுவலர் அவர்களிடம் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இயற்பியல் மாணவர்கள் காற்றின் திசையைக் குறித்துத் தருவோம். நிழல் விழும் அளவைக் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் அளந்து தருவோம். தாவரவியல் நண்பர்கள் வரிசைக்கு இரண்டு புங்கங்கன்று கொண்டுவரட்டும். பழைய குழாய்கள் தென்காசியில் இரும்புக் கடைகளில் கிடைக்கும். கடப்பாரை எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன.